ஸ்டெல்லாவின் ஆலிவ் மரம்

பிப்ரவரி 13, வெள்ளி. கேட்டி ஊர், மகள் வீடு.

தேதியை யார் துணையும் இல்லாமல் எழுதிவிட்டேன். போன வருஷம் வரை கைநாட்டுதான். அந்தச் சந்தோஷத்தோடு படுத்திருக்கலாம்.

காலையில் மகள் ஸ்டெல்லா ஆபீஸ் போனதும், வாசலில் நின்ற ஆலிவ் மரத்தைக் கவாத்து செய்தேன். ஸ்பெயினில் நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் இந்த மாதம் அதுதான் வேலை. நடுவில் வெயில் இறங்கினால்தான் காய்க்கும் என்று பாதிக் கிளைகளை எடுத்துவிடுவோம். இங்கேயும் அப்படியே எடுத்தேன். லீவில் வந்தவன் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேனே என்றுதான்.

சாயங்காலம் காரைவிட்டு இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அது காய்க்கிற மரம் இல்லப்பா. அம்மா இங்க தவறினப்போ லீவு கிடைக்கலன்னு நீங்க வரல. அந்த வாரம் அம்மாவுக்காக வச்சது."

எனக்கு இது தெரியாது. நானும் கேட்டதில்லை.

"ரெண்டு வருஷத்துல நல்லா தழைஞ்சிடும்மா."

"நீங்க இருந்து பாப்பீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிக்கெட். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள்.

கிளைகளை அவளே ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். நானும் குனிந்தேன்.

"வேண்டாம்ப்பா, விடுங்க" என்றாள்.