ஓடுகிற வண்டியில் சொன்னதெல்லாம்

பூவாரில் இன்று காலை யாரோ மீன்பிடி வள்ளத்தின் அடியில் ஃபைபர் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரெசின் வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த மீன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் வீட்டு முற்றத்தில் நீ குத்தவைத்து உட்கார்ந்து அந்த ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிய நாளிலும் இதே வாடைதான். "என்ன ஓய், பேயடிச்சதுபோல நிக்குதீரு?" என்று ஏலக்காரர் கேட்டார். பேயடித்திருந்தால்கூட இந்நேரம் தெளிந்திருப்பேன்.

எலே, உனக்குக் காது கேட்காதா?

இத்தனை வருஷம் ஒரே வண்டியில் போய்வந்திருக்கிறோம். நீ ஓட்டுவாய், நான் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். பூவாரில் மீன் ஏற்றினால் நெய்யாற்றங்கரை, பாறசாலை என்று சந்தை சந்தையாக இறக்கிவிட்டு வருவோம். ஒரே கடையில் சாயா, ஒரே இலையில் கப்பைக்கிழங்கும் மீனும். எனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைக்க?

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. அடக்கமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரி செலின் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அவருக்க வண்டி சும்ம கெடக்கப்பிடாது அண்ணா. நீங்க ஓட்டுங்க" என்றாள். வாங்கி வைத்தேனே தவிர, உன் சீட்டில் ஏறி உட்கார மனம் வரவில்லை. போன வாரம்தான் ஏறினேன். பழக்கதோஷத்தில் பாட்டையும் போட்டேன். அவ்வளவுதான், முதுகில் யாரோ கையை மடக்கிக் குத்தியதுபோல இருந்தது. துள்ளி எழுந்தே விட்டேன்.

சீட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், நீ செய்த அந்தச் சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியைச் சீட்டின் இரும்போடு சேர்த்து, வள்ளத்துக்குப் போடும் போல்ட் போட்டு முறுக்கி வைத்திருந்தது. இடப்பக்கம் இருந்த எனக்கு இது ஒருநாளும் தெரிந்ததில்லை.

அந்தப் பெட்டிக்காக உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன்! கம்பெனி வைத்துக்கொடுத்த செட்டில் பாட்டு நன்றாகத்தானே வருகிறது என்றால் நீ கேட்கவில்லை. அதன் பின்னாலிருந்து வயரை இழுத்து, தனியாக ஒரு ஆம்ப் வைத்து, சப்வூஃபர் பூட்டியே ஆகவேண்டும் என்று நின்றாய். "மீன் வண்டிக்கு என்னத்துக்குடே கல்யாண வீட்டுச் சத்தம்? சாளை மீனுக்கு டான்ஸ் படிச்சுக் குடுக்கவா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பலகையில் பெட்டி செய்தால் ஐஸ் தண்ணீரும் உப்பும் பட்டு ஊறிப்போகும் என்று, வள்ளத்துக்கு ஒட்டும் துணியையும் ரெசினையும் வாங்கி நீயே செய்தாய். நெய்யாற்றங்கரையில் அதைப் பூட்டிக்கொடுத்தவர், "இது பெட்டியோ வள்ளமோ சேட்டா? ஆத்துல விட்டா பூவார் சேரும்" என்றார். அதற்கும் நீ கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாய்.

அவரிடமேதான் வண்டியைக் கொண்டுபோனேன். சீட்டிலிருந்து பெட்டியைக் கழற்றித் தள்ளி வையுங்கள், முதுகு நோகிறது என்றேன்.

"அது நான் அன்னைக்கே வேண்டாம்னு பறஞ்சதாக்கும் அண்ணே" என்றார். "சீட்டுல முறுக்கினா சத்தம் கெட்டுப்போவும். சேட்டன் சம்மதிக்கல்ல. 'எனக்குச் செவியில கிட்டாது, முதுகுலயாவது கிட்டட்டும்'னு சொன்னாரு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அய்யோ, அண்ணனுக்கு அறியில்லே?"

கடை வாசலில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பீக்கர் பார்த்து எடுத்த அன்று நீ காதைக் கொடுக்கவே இல்லையாம். ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாயாம். அவர் சொல்லச்சொல்ல ஒவ்வொன்றாக வந்து என் தலையில் விழுந்தது. போன் வந்தால், "நீ பேசு, நான் வண்டி ஓட்டுதேன்" என்று என்னிடம் தள்ளுவாயே, அது. கல்யாண மாப்பிள்ளைபோல எந்நேரமும் கண்ணாடியையே பார்த்து ஓட்டுவாயே, அது. கோயில் திருநாளில் பேண்டு செட்டின் பெரிய டிரம்முக்குப் பக்கத்திலேயே போய் நிற்பாயே, அதுவும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஓடுகிற வண்டியில் நான் பேசிய பேச்சு! அண்ணன் தம்பிச் சண்டை முதல் தலைக்கு டை அடிக்கிற ரகசியம் வரை உன்னிடம்தானே கொட்டினேன். உன்னிடம் சொன்னது வெளியே போகாது என்று எனக்கு அத்தனை பெருமை. எப்படிப் போகும்? உள்ளேயே போகவில்லையே! எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, "ஆவட்டும் மக்கா, பாத்துக்கலாம்" என்பாய். ஐஸ் விலை ஏறினாலும் அதே பதில், மச்சினனை வெட்டுவேன் என்றாலும் அதே பதில்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரி ரோசம்மாவுக்குத் தலையில் கட்டி வந்தபோதும் நீ சொன்னது அதைத்தானே?

ஆபரேஷன் செய்தால் பேச்சு போகலாம், உயிரேகூடப் போகலாம், செய்யாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்முன்னே போவாள் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ரோசம்மா, "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். குளத்தூர்ப் பக்கம் வரும்போது உன்னிடம் கேட்டேன். "ஆவட்டும் மக்கா" என்றாய். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் போய்க் கையெழுத்துப் போட்டேன். என் பெண்டாட்டியின் உயிரை, காதில் விழாத ஒருவன் தலையாட்டியதை நம்பியா தூக்கிக் கொடுத்தேன்? அவள் பிழைத்து எழுந்து சாயா போட்டுத் தருகிறாள், உண்மைதான். ஆனாலும் எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் உன்மேல்.

நேராகச் செலினிடம் போனேன். அவள் மறைக்கவில்லை. "வண்டி எடுக்கும் முன்ன வள்ளத்துல என்ஜின் பக்கத்துலயே இருந்து இருந்து செவி போனதாக்கும் அண்ணா. தெரிஞ்சா வண்டி ஓட்ட விடமாட்டாங்கன்னு பயம். ஒங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு போவாரு. வந்து, 'அவன் வாய மூடினாத்தானே செலினே நான் சொல்ல'ம்பாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஒருநாள்கூட நான் சொன்னது அவனுக்குக் கேக்கலியா?" என்று கேட்டேன்.

"ஓடுத வண்டியில ஒண்ணும் கிட்டாது. என்ஜின அணைச்சு, மொகத்தப் பாத்து நின்னா முக்காலும் மனசிலாவும். நானே லைட்டப் போட்டுட்டுத்தான் அவருகிட்டப் பேசுவேன்."

என்ஜினை அணைத்து என்று அவள் சொன்னதும் எனக்கு அந்த நாள் முழுசாகத் திரும்பி வந்தது. நான் ஆபரேஷன் பேச்சை எடுத்து, பாதியில் குரல் உடைந்து அழுதபோது, நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். வண்டியை ஓரங்கட்டினாய். சாவியைத் திருப்பி அணைத்தாய். ஐஸ் உருகுகிறது, சந்தைக்கு நேரமாகிறது என்று எனக்கு எரிச்சல். "இன்னொருக்கா சொல்லு மக்கா" என்றாய். "இத ரெண்டு மட்டம் சொல்ல எனக்கு வாய் வருமாடே?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே முழுதையும் திரும்பச் சொன்னேன். நீ இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதிர்ந்துபோய் அப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்துத்தான், "ஆவட்டும் மக்கா" என்றாய். பாறசாலை சேரும்வரை அன்று நீ பாட்டே போடவில்லை.

செலினுக்கு முன்னால் நின்று அழுதுவிட்டேன். அவள் பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வீட்டுக்கு வந்து ரோசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்க வாயில கெடந்து அந்த மனுஷன் தப்பிச்சாரேன்னு சந்தோஷப்படுங்க" என்று விலா பிடித்துச் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

பெட்டியைக் கழற்றவில்லை. முதுகில் குத்தினால் குத்தட்டும், அது உன் கையென்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் மக்கா, ஓடுகிற வண்டியில் நான் இப்போது பேசுவதில்லை. இதையும் குளத்தூரில், நீ அன்று ஓரங்கட்டிய அதே இடத்தில் நிறுத்தித்தான் எழுதுகிறேன்.

நேற்று ரோசம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். இனி மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்ஜினை அணைத்துவிட்டுத்தான் சொல்கிறேன். கேட்டுதா மக்கா?