கேட் திறந்தால் நிறுத்திவிட வேண்டும்

அன்பு மகள் மேனேஜருக்கு,

இங்கே நானும் உன் சித்தியும் என் பதினாலு இருக்கை ராஜரதமான ஸ்கூல் வேனும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம். ரதத்துக்குக் கிளட்ச் தேய்ந்துவிட்டது, சித்திக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, எனக்குத் தேய்வதற்கு மண்டையில் ஒன்றுமே இல்லாததால் நான்தான் இந்த வீட்டில் முழு ஆரோக்கியம் என்று சித்தி டாக்டரிடமே சொன்னாள். அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது, முதுகை மறைத்துவிட்டு உன்னை மட்டும் எழுதாதே. உன்னைப் பெற்றது அண்ணனும் அண்ணியும், வளர்த்தது நாங்கள், ஆனால் அவர்கள் போய் ஐந்து வயதில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாரையும் வேலை வாங்கியது நீதான், அதனால் மேனேஜர் பட்டம் ஊர் விட்டு ஊர் போனாலும் உன்னை விடாது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து யூனிஃபார்முக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, இந்தக் கடிதத்தில் வரும் எல்லா எண்ணையும் நான்கால் வகுத்துக்கொள்ளச் சொல்கிறாள். வகுத்துக்கொள், மீதி வந்தால் எனக்கே திருப்பி அனுப்பு.

பத்து நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாய். கிளட்ச் பற்றி நான் பாரதம் படித்து முடித்ததும், நீ மெதுவாக, "சித்தப்பா, ஒண்ணு சொல்லணும், இங்க வந்ததிலேருந்து நான்" என்று ஆரம்பித்தாய். அதற்குள் ரயில்வே கேட் திறந்துவிட்டது, பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான் என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். உங்கள் நர்ஸ் விடுதியில் போனை ஞாயிறு மட்டும்தான் கையில் தருகிறார்கள் என்பதால் அடுத்த ஞாயிறு நீ மிச்சத்தைச் சொல்வாய் என்றிருந்தேன். அடுத்த ஞாயிறும் வந்தது, உன் போன் வரவில்லை. சித்தி போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், அதற்கு முன்னால் வண்டியில் நடந்த ஒரு மகாயுத்தத்தை நீ தெரிந்துகொண்டாக வேண்டும், ஏனென்றால் அதற்கு வித்திட்ட குற்றவாளி நீ.

பத்தாம் வகுப்பில் நீ முன்சீட்டில் உட்கார்ந்து போட்ட சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. ரயில்வே கேட் மூடினால் ஒருவர் எழுந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பிடித்த ஒரு நாவலைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட் திறந்தால், சொல் பாதி வாயில் இருந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். மிச்சத்தை யாரும் கேட்கக் கூடாது, வேண்டுமானால் வாங்கிப் படித்துக்கொள்ளலாம், ஓட்டுநருக்கும் இதில் விலக்கு கிடையாது. நீ பள்ளியை விட்டுப் போய்ப் பத்து வருஷமாகியும் இவர்கள் உன் முகம்கூடத் தெரியாமல் உன் சட்டத்துக்கு அடங்கி நடக்கிறார்கள். இப்போது பதினோராம் வகுப்பில் கால்குலேட்டர் என்று ஒருவன் வருகிறான், எல்லாக் கதைக்கும் மதிப்பெண் போடுவான். "பத்துக்கு எட்டே முக்கால். மீதி ஒன்னேகால் ஏன் குறைச்சேன்னா ஹீரோ சும்மா சும்மா அழறான்" என்பான். பல்லுக்குக் கம்பி போட்ட ஒருத்தி இருக்கிறாள், "முதல் நாப்பது பக்கம் சத்தியமா அறுவை, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிடுங்க, நாப்பத்தொண்ணுல அந்தத் தபால்காரர் பையைத் திறக்கறார், உள்ள பார்த்தா" என்றாள், கேட் திறந்துவிட்டது. அன்று மாலையே அந்தப் புத்தகத்துக்கு ஒன்பது பேர் கை தூக்கினார்கள். நான் அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் மூன்று மாதமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படியாக நானூறு நாவல்களின் முதல் பாதியைக் கரைத்துக் குடித்த ஒரே ஓட்டுநர் இந்த உலகத்தில் நான்தான், முடிவு ஒன்றுக்கும் தெரியாது.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, பேச மாட்டாள், அதனால் அவளுக்கே ஜன்னல் என்று பெயர். அவள் அப்பா இன்ஷூரன்ஸ்காரர். மோதின வண்டியைப் பார்த்து, இந்தக் கீறல் இந்த விபத்தில் வந்ததா, போன வருஷமே இருந்ததா என்று கம்பெனிக்குச் சொல்கிற வேலை. வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு காகிதம் அவள் கையில் இருக்கக் கூடாது, பையையும் அலமாரியையும் தினமும் சோதனை. ஆகவே அவள் வண்டியில் மட்டும் படிப்பாள், போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். இறங்கும்போது புத்தகத்தை முன்சீட்டுக்கு முன்னால் தரையில் இருக்கும் டூல்ஸ் பெட்டியில் ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் நடுவே வைத்துவிட்டுப் போவாள். எண்பது நிமிஷ சுதந்திரம், அதுவும் சக்கரம் உருளும்போது மட்டும். அவள் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசி நான் பார்த்ததில்லை, ஆனால் பெட்டியில் புத்தகத்தை வைக்கும்போது அதன் மேல் எண்ணெய்த் துணி படாமல் ஒரு பழைய செய்தித்தாளை மடித்துப் போடுவாள்.

நீ பேசிய ஞாயிற்றுக்கு மறுநாள் சாயங்காலம் அந்த மனிதர் நம் ஷெட்டுக்கு வந்தார். "உங்க வேன்ல என் பொண்ணு கதைப் புத்தகம் படிக்கறாளா" என்று கேட்டார். நான் வழக்கப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சார், என் வண்டியில அல்ஜீப்ரா தவிர வேற சத்தமே கேக்காது, கதைப் புத்தகம் இருந்தா அது என்னோடது, நான் தீவிர வாசகன்" என்று ஒரு போடு போட்டேன். சித்தி உள்ளே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஷெட் வரை கேட்டது. அவர் கோபப்படவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நல்லது, ஒரு கதை சொல்லுங்க" என்றார். நான் விடுவேனா, நீர்மூழ்கிக் கப்பலுக்குள் கணக்கு வாத்தியாரோடு மாட்டிக்கொண்ட பையன் கதையை அலை அலையாகச் சொன்னேன். "முடிவு?" என்றார். அதை விட்டுவிட்டு, ஊரில் எல்லா நாயும் ஒரே பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற கதையைச் சொன்னேன். "முடிவு?" தபால்காரர் பையைச் சொன்னேன். "உள்ள என்ன இருந்தது?" என்றார். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அவர் எழுந்து, "அடிபட்ட வண்டிக்காரங்க எல்லாரும் பாதியைச் சரியாத்தான் சொல்வாங்க, மிச்சப் பாதி எங்கன்னு தேடறதுதான் என் பொழப்பு" என்று சொல்லி, நாளையிலிருந்து போகும்போதும் வரும்போதும் நானும் வருகிறேன், ஒரு கதைப் புத்தகம் கண்ணில் பட்டால் என் பெண் இந்த வண்டியில் வர மாட்டாள், மற்ற பெற்றோருக்கும் ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன் என்றார்.

மறுநாள் முதல் அவர் முன்சீட்டில், அதாவது உன் சிம்மாசனத்தில். இரண்டு காலையும் எங்கே வைத்தார் தெரியுமா, டூல்ஸ் பெட்டியின் மேல். ஜன்னலுக்கு அந்தப் புத்தகத்தில் முப்பது பக்கம் பாக்கி, அது அவள் அப்பாவின் பூட்ஸுக்கு அடியில். கேட் மூடியது, பதினோரு நிமிஷம், ஒருவரும் எழவில்லை. பத்து வருஷத்தில் அந்த வண்டியில் கேட் மூடியிருக்கும்போது நான் இன்ஜின் சத்தத்தைக் கேட்டதே இல்லை, அன்றுதான் கேட்டேன், கண்றாவியாக இருக்கிறது. கால்குலேட்டர் நகத்தைக் கடித்தான், கம்பிப் பல்காரி கண்ணாடியில் மூச்சு விட்டு விட்டுத் துடைத்தாள். முன்னால் தண்டவாளம், பின்னால் நானூறு லாரி, பக்கத்தில் இன்ஷூரன்ஸ், நகர ஒரு அங்குலம் இடமில்லை. மூன்றாம் நாள் பேட்டரி வயர் கழன்று வண்டி கேட்டிலேயே நின்றுவிட்டது. ஸ்பேனர் எடுக்கப் பெட்டியைத் திறக்க வேண்டும், திறந்தால் குட்டு உடையும். நான் இறங்கி, உண்மையான மெக்கானிக்குக்குக் கருவி எதற்கு என்று வீரவசனம் பேசிவிட்டு, வெறும் விரலால் நட்டைத் திருகி நகத்தைப் பெயர்த்துக்கொண்டு, கடைசியில் பின்னாலிருந்த லாரிக்காரனிடம் கெஞ்சி ஒரு ஸ்பேனர் வாங்கினேன். அவர் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள், முந்தாநாள் திங்கள், ஒரு சரக்கு ரயில் வந்து கேட்டிலேயே நின்றுவிட்டது. கால் மணி ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. திடீரென்று பின்னால் சீட்டுக் கம்பி கிறீச்சிட்டது, கண்ணாடியில் பார்த்தால் ஜன்னல் எழுந்து நிற்கிறாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எழாதவள். சட்டப்படி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "இந்த நாவல்ல ஒரு பொண்ணு படகுத்துறையில டிக்கெட் கிழிக்கறா. தினமும் ஒருத்தர் டிக்கெட் வாங்கறார், வரிசையில நிக்கறார், படகு வந்ததும் ஒதுங்கிடறார், ஏறறதே இல்ல. ஒரு வருஷமா இப்படி. ஏன்னு அவ கேக்கலாம், ஆனா கேக்க மாட்டேங்கறா. கேட்டா பதில் வந்துடுமே, வந்தா அவ ஏதாவது செய்யணுமே, அதான் பயம். மெதுவாத்தான் போகும், சண்டை எல்லாம் இல்ல, அவசரக்காரங்க எடுக்காதீங்க. ஆனா எரநூத்திப் பதினோராவது பக்கத்துல அவ கேட்டுடறா. அதுக்கு அவர் என்ன சொல்றார்னா" என்றாள், கேட் திறந்தது. சட்டப்படி உட்கார்ந்துவிட்டாள். நான் கியரைப் போட்டேன். அவர் அந்த ஐந்து நாளில் முதல் தடவையாகப் பின்னால் திரும்பி, "என்ன சொன்னார்?" என்றார். கால்குலேட்டர் மிக மரியாதையாக, "சார், கேட் திறந்தாச்சு" என்றான். அவர் என்னைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க சார், எனக்கு எதுக்குமே முடிவு தெரியாது" என்றேன். எனக்கு நினைவு தெரிந்து நான் பேசிய முதல் கலப்படமில்லாத உண்மை அது.

பள்ளி வாசலில் எல்லாரும் இறங்கும் முன் அவர் காலை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். "ஸ்பேனர் இருக்கற பெட்டி இவ்வளவு அமைதியா இருக்காது, முதல் நாளே தெரியும்" என்றார். புத்தகத்தை எடுத்து, மடித்துப் போட்ட செய்தித்தாளைத் தடவிப் பார்த்து, இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டார். முப்பது பக்கம் என்றாள். "இதை முடி. பரீட்சை முடியற வரைக்கும் வேற கிடையாது" என்று அவள் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், இதற்கு மேல் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நான் அழகுக்காகக் கூட்டிச் சொல்லலாம், சித்தி முறைக்கிறாள். ஜன்னல் நேற்று அதை முடித்துவிட்டாள். இன்றைக்கு வெறும் கையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், கம்பிப் பல்காரி சொன்ன புதுக் கதையின் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள், பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம், அதை நான்கால் வகுக்க வழியில்லை. முடித்த புத்தகத்தை அவள் பெட்டியில் வைக்கவில்லை, நேற்றுக் காலை பள்ளியில் இறங்கும்போது முன்சீட்டில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் ஆபீஸ், அதுவரை அவர் அதை எடுக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை. இன்று காலையும் அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துதான் வந்தார்.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது, உன் சிம்மாசனத்தில் பூட்ஸ் காலோடு உட்கார்ந்த மனிதர். ஆனால் கண்ணு, அந்த வண்டியில் திரும்பி, என்ன சொன்னார் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சட்டம், சட்டம் என்று அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். இப்போது எழுதப்போவதை எதாலும் வகுக்காதே. அன்று நீ பேசியது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எந்தப் பள்ளிக்கு நான் வண்டி ஓட்டினேன்? வண்டி வாசலில் நின்றது, நான் அடுப்படியில் நின்றேன், கேட்டும் இல்லை, லாரியும் இல்லை. உன் குரலைக் கேட்டதுமே அந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று பாதி தெரிந்துவிட்டது, மீதியையும் கேட்டால் நான் ஏதாவது செய்ய வேண்டுமே என்று பயந்து பொய் சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியின் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் உனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான், இது ராஜாங்க உடன்படிக்கை என்று பேனாவைச் சுழற்றிச் சுழற்றிப் போட்டேன். சான்றிதழை எல்லாம் அவர்களிடம் கொடுத்துவிட்டு நீ எப்படி இருக்கிறாய், வெளியே வர வழி உண்டா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டாலும் என்ன செய்வேன் என்று தெரியாது. தெரியாமலே கேட்கிறேன். உனக்கே தெரிந்திருக்கும் அது பொய் என்று, அதனால்தான் போன ஞாயிறு நீ பேசவில்லை என்று சித்தி சொல்கிறாள். இந்தக் கடிதத்தில் அவள் முறைக்காமல் விட்ட ஒரே வரி இதுதான்.

வேளைக்குச் சாப்பிடு, கனமான நோயாளிகளைத் தனியாகத் தூக்காதே, கூட ஒருத்தியைக் கூப்பிடு, கூப்பிட வெட்கப்படாதே, முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நல்லா இரு, நீ எங்கே இருந்தாலும் எங்கள் இரண்டு பேர் உயிரும் உன் பக்கத்திலேயே ஒரு சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள். சித்தியின் ஆசியும் இதோடு இருக்கிறது, பட்டன் தைக்கிற ஊசியால் குத்திக்கொண்டு சொன்னாள்.

மறந்துவிடாதே, வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து நான் போன் பக்கத்தில் இருப்பேன். வண்டிச் சாவியைச் சனிக்கிழமை ராத்திரியே சித்தியிடம் கொடுத்துவிடுவேன், எழுந்து ஓட எனக்கு வழியிருக்காது. வணக்கம், சௌக்கியம் எதுவும் வேண்டாம், "இங்க வந்ததிலேருந்து நான்" என்பதிலிருந்தே ஆரம்பி.

உன்
சித்தப்பா