ஆவணியில் பார்த்த பெண்

திண்டிவனம்,
30-1-1958.

விழுப்புரம் ரயிலடியில் எஞ்சின் நெருப்பையும் நீராவியையும் கட்டி ஆளும் மாப்பிள்ளை பச்சைமுத்து அவர்களுக்கு, மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை நிறுக்கும் தராசுச் சக்கரவர்த்தியும் உங்கள் மனைவி அம்சாவின் தாய்மாமனுமாகிய மண்ணாங்கட்டி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

தலைப்பொங்கலுக்கு வரும் பெண் இரண்டு புடவையோடு வருவாள். அம்சா வந்த பஸ்ஸின் கூரையிலிருந்து டிரங்குப் பெட்டி, அண்டா, குத்துவிளக்கு என்று நாங்கள் கொடுத்த சீர் மொத்தமும் இறங்கியது. எந்த ஜமீன் காலியாகிறது என்று ஒருவர் கேட்டார். நம்முடையதுதான் என்றேன். நாங்கள் கொடுக்காத சாமானும் ஒன்று இருந்தது. உங்கள் தாயார் தையல்நாயகி அம்மாள் மார்கழியில் அவளுக்கென்று தனியாக வாங்கிய அலுமினியத் தட்டு. இங்கேயும் அதில்தான் சாப்பிடுகிறாள். வேறு தட்டு வைத்தால், "இதுவே இருக்கட்டும் மாமா, பழகிக்கினேன்" என்கிறாள்.

அவள் தோலைக் கேட்டுத்தான் பஞ்சாங்கமே எழுத வேண்டும். பனி ஊர் எல்லையைத் தொடுமுன் முழங்கை வெடித்துவிடும். சூரியன் உக்கிரமாகப் போகிற சேதி முதலில் அவள் கழுத்துக்குத்தான் வரும். பனிக்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்புக்குப் பதில் பயத்தம்மாவு, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய். கோடையில் நைந்த பருத்திப் புடவை, வேர்வையை ஒற்றி எடுக்க ஈரத்துணி. இவ்வளவுதான் வைத்தியம். உங்கள் வீட்டிலோ கொதிக்கும் வேப்பிலைத் தண்ணீர், துணி துவைக்கும் சவுக்காரம், வெடிப்பின்மேல் மஞ்சள். தோல் உரிந்ததும் பெருநோய், குஷ்டம் என்று பெயர். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இது வெறும் கரப்பான் படை, ஒட்டுவாரொட்டி இல்லை என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷம் அவள் மிச்சம் வைத்த சோற்றைத் தின்றவன் நான். என் தோலைப் பார்த்தால் எருமை பொறாமைப்படும்.

தலை முதல் கால் வரை கரியோடு வந்தாலும் உங்களுக்கு வெண்கலத் தட்டு. அவளுக்கு அலுமினியத் தட்டு வைத்த அன்று நீங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தீர்களாம். "அம்மாவை எதிர்த்து அவரு எப்படிப் பேசுவாரு" என்று உங்களுக்காக அவளே வாதாடுகிறாள்.

இனி என் குற்றம். போன வருஷம் தையில் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினீர்கள். ஆவணியில்தான் அவளுக்குக் கல்யாண யோகம் என்று, ஒன்பது கிரகங்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிபவன்போல் பதில் சொன்னேன். யோகமாவது ஒன்றாவது. வெயிலும் பனியும் இல்லாமல் அவள் தோல் தெளிந்திருக்கும் மாதம் அது. பெண் பார்த்ததும் தாலி கட்டியதும் அந்த மாதத்திலேயே முடிந்தன. "சொல்லிடுங்க மாமா" என்று அம்சா கெஞ்சினாள். "அப்புறம் சொல்லிக்கலாம், போடி" என்றேன். மண்டியில் இதுவரை தராசைச் சாய்த்ததில்லை. வீட்டில் சாய்த்தேன். ஏமாற்றியவன் நான், தட்டு அவளுக்கு.

நேற்று உங்கள் ஊர் கண்ணையன் வந்திருந்தார். "ஆவணி வரட்டும், உடம்பு தெளிஞ்சதும் கூட்டிக்கினு போறேன்னாரு" என்று உங்கள் சேதியைச் சொன்னார். கேட்டதும் அம்சா உள்ளே போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். காலையில்தான் தேய்த்திருந்தாள்.

மாப்பிள்ளை, ஆவணியில் வர வேண்டாம். ஆவணியில் அவளை யார் வேண்டுமானாலும் கூட்டிப் போவார்கள். வருவதானால் சித்திரையில், அவள் கழுத்து சிவந்து கிடக்கும்போது வாருங்கள். அந்த அலுமினியத் தட்டில் உங்களுக்குச் சோறு போடுவோம். சாப்பிட்டு எழுந்தால் அன்றைக்கே அனுப்பி வைக்கிறேன். வர மனமில்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இதையாவது அவளிடம் நானே சொல்கிறேன்.

நீண்ட ஆயுளோடு இருங்கள். பனி இன்னும் விடவில்லை. நெருப்பில் நிற்கிற கை வெடித்துப் போகுமாம், இரண்டு வேளையும் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லி எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்,
மண்ணாங்கட்டி