‘ஆனா’ என்றால் என்ன, ரபீக்?

என் ஹிந்தி பண்டிதர் மச்சான் ரபீக்குக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எப்போதும் பேச்சை ஆரம்பிப்பேன். இப்போது அப்படிக் கேட்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன், நீ பார்த்துக்கொள்.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவும் நானும் போய் அப்பாவின் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றினோம். போன வருஷக் கடைசியில் கடலூரைப் புரட்டிப்போட்ட புயலில் அங்கிருந்த மரமெல்லாம் போய்விட்டது. வெயில் நேராக மண்டையில் இறங்குகிறது. உன்னை ஷார்ஜாவிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போய்ப் பார்க்க எனக்கு இடமில்லை. அதனால் அப்பாவுக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு மெழுகுவத்தி வைத்தேன். உங்கள் மார்க்கத்தில் இதெல்லாம் கிடையாது, தெரியும். அப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும், பேசிக்கொண்டிருக்கட்டும் என்று வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிவிட்டேன். அதுவும் உன் ஜசீமாவிடமே சொல்லிவிட்டேன். கோபப்படுவதற்கு முன்னால் முழுசாகக் கேள்.

சிதம்பரத்தில் நாம் கடைசி வருஷம் படித்தபோது பகல் காட்சியில் பார்த்தோமே, அந்த ஹிந்திக் காதல் படம். நம் வகுப்பில் லால்பேட்டைப் பையன் நீ ஒருத்தன்தான். பாய் வீட்டுப் பிள்ளைக்கு உருது தெரியும், உருது தெரிந்தவனுக்கு ஹிந்தி தெரியும் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். நீயும் மறுக்கவில்லை. நடுவில் உன்னை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

“மச்சான், இப்ப என்னா சொல்றான்?”

“பொறுடா. கப்பல்ல போறானாம். வந்து கட்டிக்கிறேங்கறான்.”

“அவ என்னா சொல்றா?”

“போகாதங்கறா. வேற என்னா சொல்லுவா?”

எவ்வளவு தைரியம் உனக்கு. முன்வரிசையில் வடக்கத்திப் பையன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நீ எங்களிடம் அதை ஜோக் என்று சொல்ல, நாங்கள் சிரித்தோம். அவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பாட்டு படத்தில் திரும்பத் திரும்ப வரும். முதலில் ஆர்மோனியமும் தபலாவுமாகத் துள்ளிக்கொண்டு. கடைசியில், ரயிலடியில், வாத்தியமே இல்லாமல் அவள் குரல் மட்டும். ஒவ்வொரு அடியும் ‘ஆனா’ என்றுதான் முடியும். நம் காதுக்குப் புரிந்த ஒரே வார்த்தை அது. அதைப் பிடித்துக்கொண்டு நீ முழுப் பாட்டுக்கும் உரை எழுதிவிட்டாய்.

“நம்ம ஆனாதாண்டா. ஹிந்தியிலயும் அதேதான். போனவன் திரும்பி வரல. பக்கத்துல கண்ணாடி போட்டு நிக்கிறான் பாரு, அது அவ அண்ணன். வேற மாப்பிள்ள பாத்திருக்கான். இவ எல்லாத்துக்கும் ‘ஆனா, ஆனா’ன்னு இழுக்கறா. கடைசிவரைக்கும் கட்டிக்கவே இல்ல.”

நான் அப்படியே நம்பினேன். குமராட்சி வழியாகப் போகிற பஸ்ஸில் உன்னோடு ஏறி, உன் ஊர்வரைக்கும் வந்து, வழியெல்லாம் அதைப் பாடச் சொல்லிக் கேட்டேன். படத்தில் பாடிய குரல் எனக்கு மறந்தே போய்விட்டது. எப்போது நினைத்தாலும் உன் குரலில்தான் அந்தப் பாட்டு வருகிறது.

அப்புறம் வேலை கிடைத்து நான் நாக்பூர் போனேன், நீ ஷார்ஜா போனாய். போய்ச் சேர்ந்த மாசமே அங்கே டீக்கடைக்காரன் என்னைப் பார்த்து “கல் ஆனா” என்றான். நாளைக்கு வா என்று அர்த்தமாம். உடனே உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு.

“லால்பேட்டையில எவண்டா ஹிந்தி பேசறான்? எங்க அத்தாவுக்கே தமிழ விட்டா வேற தெரியாது. மச்சான், இத மட்டும் ஜசீமாகிட்ட சொல்லிப்புடாத. பெரிய ஷாயரு, கவிஞருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. மானம் போயிடும்.”

சொல்லவில்லை. நீ போன பிறகும் சொல்லவில்லை. அவள் உனக்காக நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து வெளியே வந்த பிறகு எத்தனையோ தடவை போய்ப் பார்த்தேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் போன மாதம் அவளுடைய அம்மா கூப்பிட்டார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம். மருந்துக்கடை வைத்திருக்கிறார், மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி. ஜசீமாவுக்கும் அவரைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. நான் கேட்டா ‘ஆனா’ன்னு இழுத்துட்டு உள்ள போயிடறா.”

ஜசீமாவிடம் போனைக் கொடுத்தார்கள். அவள் சொன்னதைக் கேள்: “படத்துல அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் கட்டிக்காமலே நிக்கலியாண்ணே? அவுங்க வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போன்ல அதத்தான பாடுவாங்க. எனக்குச் சொல்லிட்டுப் போன மாதிரி இருக்கு. நானும் அப்படியே இருந்துட்டுப் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. நீ சொன்ன கதைதான் அவளுக்குப் படம். தியேட்டரில் எங்களிடம் நீ அடித்துவிட்ட கதையை ஒரு பெண் உன் வசியத்து மாதிரி, நீ எழுதிவைத்த உயில் மாதிரி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உன் மானம் பெரிதா, அவள் வாழ்க்கை பெரிதா? நீயே சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

டிவிடி வாங்கிக்கொண்டு, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, ஸ்டெல்லாவோடு லால்பேட்டைக்குப் போனேன். கரண்ட் கதையைக் கேட்காதே, இப்போது வருவதைவிடப் போவதுதான் ஜாஸ்தி. பேட்டரியில்தான் படம் ஓடியது. ஜசீமாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார, நடுவில் நான். உன் இடம் அது. ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். நீ ஜோக் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் அப்பா செத்துப்போகிறார், மச்சான்.

ரயிலடி வந்தது. பாட்டும் வந்தது.

“இவருதான அவ அண்ணன்?” என்றாள் ஜசீமா.

நான் சொன்னேன். “இல்லம்மா. அவளக் கட்டிக்கிறேன்னு கேட்டு வந்திருக்கிற வாத்தியாரு.”

“அப்ப ‘ஆனா’ங்கறாளே?”

“ஹிந்தியில ஆனான்னா வான்னு அர்த்தம். கட்டிக்க இவரத்தான் வரச் சொல்றா.”

பாட்டு முடிகிறவரை ஜசீமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், “அவுங்களுக்கு ஹிந்தி தெரியாதாண்ணே?”

“ஒரு அட்சரம் தெரியாது.”

“உருது?”

“அதுவும்தான்.”

“என்கிட்ட அத்தன ஷாயரி சொன்னாங்களே?”

“எல்லாம் அவன் சொந்தச் சரக்கும்மா.”

சிரிக்க ஆரம்பித்தாள், ரபீக். வாயைப் பொத்திக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். “எனக்காக உக்காந்து யோசிச்சு யோசிச்சு புளுகியிருக்காங்க” என்றாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் அழுதாள். ஸ்டெல்லா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அங்கே உட்கார முடியவில்லை. வீராணம் ஏரிக்கரைவரைக்கும் நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நீ இல்லாதது அன்றைக்குப் பொறுக்கவே முடியவில்லை, மச்சான்.

திரும்பி வந்தபோது டீ போட்டு வைத்திருந்தாள். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மா பக்கம் பார்க்காமலே சொன்னாள்: “மங்கலம்பேட்டக்காரங்கள வரச் சொல்லும்மா. பாத்துட்டு சொல்றேன்.”

உன் மானம் போய்விட்டது, மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று கவனித்தாயா? அவள் இனிமேல் உன்னை ஷாயர் என்று சொல்ல மாட்டாள். ‘புளுகியிருக்காங்க’ என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த பிரியத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பார்க்க வருகிறார்கள். ஜசீமா என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். வாக்குக் கொடுத்திருக்கிறேன், உனக்கும் கொடுக்கிறேன். பேச்சு முடிகிறவரை அவள் பக்கத்தில்தான் இருப்பேன். ஆள் சரியில்லை என்று பட்டால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஸ்டெல்லா நேற்று எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள், அதையும் போட்டுக்கொண்டு போகிறேன். பக்கத்தில் கண்ணாடி போட்டு நிற்கிறவன் அவள் அண்ணன் என்று நீ சொன்னாயே, அது அன்றைக்குப் பொய்யாக இருக்காது.

அவளுக்கு அண்ணன் என்றால் உனக்கு நான் முறைப்படியே
மச்சான்,
அந்தோணி