யார் முதலில் நிமிர்வது

சரசோட்டா,
புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் லொவீனா வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வைக்கோல் வேலையை முடித்துவிட்டாரா?

நேற்று பேக்கரியில் ஒரு வேடிக்கை. மதியச் சாப்பாட்டுக்கு முன் நம் ஆமிஷ் சபை வழக்கப்படி தலைகுனிந்து மௌன ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். நிமிரவே இல்லையாம். கூட வேலை செய்யும் டார்லீன் அக்கா முதுகில் தட்டி, "என்னடி, ஆமிஷ் பொண்ணுங்க சூப்பைப் பாத்தே வயித்த ரொப்பிக்குவீங்களா? ஆறிப்போச்சு, குடி!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா, வீட்டில் அப்பா தொண்டையைக் கனைத்ததும் நாம் எல்லாரும் நிமிர்ந்துவிடுவோம். இங்கே கனைக்க ஆளில்லை. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருடமும் நான் ஜெபித்ததே இல்லை. அந்தக் கனைப்புக்காகத்தான் காத்திருந்திருக்கிறேன். இப்போது தலைகுனிந்தால் உள்ளே ஒரு வார்த்தையும் இல்லை. தேவனும் அங்கே இல்லை. வெறும் வாளிக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது.

தலைகுனிந்திருக்கும் அந்த நேரத்தில் அப்பா மனதுக்குள் என்ன சொல்வார்? நான் கேட்டதாகச் சொல்லாமல் கேட்டு எழுதுங்கள். கறுப்புக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும். உங்கள் பழைய ஏப்ரன் ஒன்றையும் அனுப்புங்கள். துவைக்காததாக இருந்தால் நல்லது.

வேலைக்கு அழைத்துப்போகும் வண்டி வந்துவிட்டது. இன்று காலை தலைகுனியாமலே சாப்பிட்டேன், அம்மா. ஒருவரும் கவனிக்கவில்லை.

லொவீனா