வளை வாயில் வைத்த வடை

அமாவாசை, வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. எங்கள் பசு லட்சுமி கொட்டகையில் நின்றுகொண்டே இருக்கிறாள்.

திருவான்மியூரில் அவளுக்காகப் புல் போட்டிருக்கும் காலிமனையைப் பெருச்சாளிகள் குடைந்து தள்ளிவிட்டன. போன வாரம் ஒரு வளைக்குள் அவள் கால் இறங்கி, இன்னும் நொண்டுகிறாள். அந்தக் கோபத்தில் இன்று காலை டீக்கடை மசால்வடையில் எலிமருந்து வைத்து, வளை வாய்க்கு ஒன்றாகப் போட்டேன். லட்சுமியை வேலியோரம் தள்ளித்தான் கட்டினேன். இன்று அமாவாசை என்பது மண்டையில் உறைக்கவே இல்லை.

மாலையில் போனால் ஒரு வளையில் வடையைக் காணோம். லட்சுமியின் மூக்கில் வடைத்தூள். மனைக்கு எதிர்வீட்டு மாமியிடம் ஓடினேன்.

"நான்தான்பா ஆத்துலேர்ந்து வடை கொண்டுவந்து கொடுத்தேன். போறவாளும் வரவாளும் ஏதோ கொடுத்துண்டிருந்தா."

"வெங்காயம் போட்டீங்களா மாமி?"

"அமாவாசையும் அதுவுமா வெங்காயமா? நன்னாருக்கே!"

திரும்பி வந்து லட்சுமியின் வாயை மோந்து பார்த்தேன். வெங்காய வாசனை. தரையில் கிடந்த வடையை யாரோ அமாவாசைப் புண்ணியத்துக்கு எடுத்து ஊட்டியிருக்கிறார்கள்.

மாட்டு டாக்டர் ஊசி போட்டார். அசை போட ஆரம்பித்தால் பயமில்லை என்றார். என் மனைவி செல்வி கொட்டகையை விட்டு நகரவில்லை. "இன்னிக்கு இன்னா நாளுன்னு என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

கொட்டகைப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இதுவரை செல்வி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.