மாமாவின் இரண்டாவது படிவம்

பழுகாமம்
12.03.2025

அன்பு மருமகள் தனுஷாவுக்கு மாமி எழுதுறன்.

நீ கொழும்பில சுகமா இருக்கக் களுதாவளைப் பிள்ளையார் துணை. நான் ஏதோ இருக்கன். போன் எடுத்தா அழுதுபோடுவன், அதாலதான் கடிதம். அஞ்சாம் வகுப்பு எழுத்து, பிழையிருந்தாப் பொறு.

நேத்து நீ படிக்கிற இடத்திலயிருந்து மாமாட பேருக்குக் கடிதம் வந்தது. முழங்கால் சவ்வு கிழிஞ்ச ஆக்களிட்டக் கேக்கிற படிவம் தமிழில சரியா இருக்கா எண்டு பாக்க, ஜனவரி 20, பெப்ரவரி 3, ரெண்டு தரமும் பதில் சொன்னதுக்கு அவருக்கு நன்றியாம்.

முதல் தரம் சரி. நீ வாசிச்சாய், அவர் சொன்னார். "படி ஏறேலுமா மாமா?" எண்டு கேட்டாய். "எங்கட வீட்டில ஏது புள்ள படி? வரம்பும் தோணியும்தான் இருக்கு" எண்டார். நீயும் சிரிச்சுச் சிரிச்சு ஓரத்தில தோணி எண்டு எழுதினாய்.

பெப்ரவரி மூண்டு அவர் செத்து எட்டாம் நாள். நீ என்ட பக்கத்தில இருந்து அழுத நாள். அண்டைக்கு ஆர் புள்ள பதில் சொன்னது?

மாமி

கொழும்பு
19.03.2025

அன்புள்ள மாமி,

உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஐம்பது பேர், இரண்டு கிழமை இடைவெளியில், ஒரே கேள்விகளுக்கு இரண்டு தரம் பதில் சொல்ல வேண்டும். முழங்காலின் நிலை மாறாவிட்டால் பதிலும் மாறக்கூடாது. அப்போதுதான் படிவத்தை நம்பலாம். ஐம்பதாவது ஆள் மாமா. வேறு ஆள் தேட நாள் இருக்கவில்லை. முதல் படிவத்தைப் பார்த்து நானே எழுதினேன். மாமா இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஒருவருக்கும் நட்டமில்லை, மாமி. வெளியில் தெரிந்தால் என் பட்டம் போய்விடும். நான் உங்கள் பிள்ளை மாதிரித்தானே?

தனுஷா

பழுகாமம்
26.03.2025

தனுஷாவுக்கு,

அதையே சொல்லியிருக்க மாட்டார். நீ போய் நாலாம் நாளே கால் நழுவத் தொடங்கிற்று. என்ட முன்னாலதான் போனில உனக்குச் சொன்னார். முழங்காலுக்குப் பட்டி போடவா எண்டும் கேட்டார். "ரெண்டு கிழமைதானே மாமா, அது வரைக்கும் புதிசா ஒண்டும் செய்யாதீங்க, கணக்குப் பிழைச்சுப்போகும்" எண்டாய். நான் பட்டி வாங்கப் பணம் எடுத்தன். "வைடி, அவள்ட படிப்புக் கெட்டுப்போகும்" எண்டு பேசினார்.

ஏழாம் நாள் வாவியில தோணியால இறங்கேக்க முழங்கால் விட்டிற்று. வலையோட சேத்துத்தான் தூக்கினாங்க.

உன்ட கணக்கில அவர்ட கால் மாறவேயில்ல.

நீ வைச்சிட்டுப் போன ரெண்டாவது படிவம் சாமித் தட்டிலதான் கிடந்தது. நானே நிரப்பினன். எல்லாக் கேள்விக்கும் கோடு. "முழங்கால் நழுவி விழுந்தீர்களா?" எண்டதுக்கு மட்டும் ஓம். நன்றிக் கடிதத்தில உனக்குப் படிப்பிக்கிற சேர்ட விலாசம் இருந்தது. அவருக்குப் பதிவுத் தபாலில போட்டிற்றன்.

அம்பது பேர் இல்ல. நாப்பத்தொம்பது எண்டு எழுது.

இப்படிக்கு
அழகரத்தினத்தின் மனைவி
சீதேவிப்பிள்ளை